இரைச்சல் யாருடையது?

2025 ஆகஸ்ட் மாதத்தின் ஒரு சனிக்கிழமை இரவு, திருவனந்தபுரத்தில் ஓர் உணவகத்தின் மாடிக்கூடத்தில் ஹெவி மெட்டல் இசை நிகழ்ச்சியொன்றைக் கேட்டேன். நூறு பேர் நிற்கத்தக்க இடத்தில் இருநூறு பேர் நின்றனர். தமிழில் முதுகலை படித்து, முப்பது ஆண்டுகளாகக் கட்சி ஆவணங்களைத் தமிழாக்கிக் கொண்டிருக்கும் ஐம்பத்தாறு வயதுக்காரனுக்கு அங்கே என்ன வேலை என்று ஊர் திரும்பியதும் தோழர்கள் சிலர் கேட்டனர். நியாயமான கேள்விதான். பதிலைச் சற்று நீட்டியே சொல்ல வேண்டியுள்ளது. அதற்குள் என்னுடைய பழைய தவறொன்று கிடக்கிறது.

1998ஆம் ஆண்டில், மாவட்ட அளவிலான இளைஞர் பயிற்சி முகாம் ஒன்றுக்குப் பண்பாடு குறித்த வகுப்புக் குறிப்பைத் தயாரிக்கும் பொறுப்பு எனக்கு அளிக்கப்பட்டது. புதிய பொருளாதாரக் கொள்கை நடைமுறைக்கு வந்து ஏழாண்டுகள் ஆகியிருந்தன. செயற்கைக்கோள் தொலைக்காட்சிகள் வீடுகளுக்குள் நுழைந்துவிட்டிருந்தன. நுகர்வுப் பண்பாட்டைக் கண்டித்து அன்று நான் எழுதியவற்றில் பெரும்பகுதியை இன்றும் மறுக்க மாட்டேன். ஆனால் ஒரு பத்தியில், மேலைநாட்டு ராக், மெட்டல் இசை வகைகள் யாவும் ஏகாதிபத்தியம் நமக்கு ஏற்றுமதி செய்யும் சீரழிவு இரைச்சல் என்று எழுதியிருந்தேன். வகுப்பு முடிந்ததும், ஐடிஐயில் ஃபிட்டர் படித்துக்கொண்டிருந்த இளைஞர் ஒருவர் எழுந்தார். கருப்புப் பனியன், நெஞ்சில் மண்டையோட்டுப் படம். “தோழர், நீங்கள் அதைக் கேட்டிருக்கிறீர்களா?” என்றார். “சாக்கடை நாறும் என்று சொல்லக் குடித்துப் பார்க்க வேண்டுமா?” என்றேன். கூடம் சிரித்தது. அவரும் சிரித்ததாகவே நினைவு. மறுநாள் காலை வகுப்புக்கு அவர் வரவில்லை. அதன் பிறகு எந்த வகுப்புக்கும் வரவில்லை.

ஒருவர் இயக்கத்திலிருந்து விலகுவதற்கு என் வாய்த்துடுக்கு மட்டுமே காரணமாகியிருக்காது. வேலை, குடும்பம், ஊர் மாற்றம் என எத்தனையோ இருந்திருக்கலாம். ஆயினும் அவர் கேட்டது முற்றிலும் பொருள்முதல்வாதக் கேள்வி. ஆய்வு செய்யாத பொருளைப் பற்றித் தீர்ப்புரைக்காதே என்று அதே முகாமில், அதே நாள் முற்பகலில், தத்துவ வகுப்பில் நாம் போதித்திருந்தோம். பிற்பகலில் நான் அதை மீறினேன். அந்த இசையில் ஒரு பாடலைக்கூட நான் அதுவரை கேட்டிருக்கவில்லை என்பதே உண்மை.

இனி திருவனந்தபுரம். இடுக்கியின் தோட்டப் பகுதிகளிலும் பாலக்காட்டிலும் உள்ள தமிழ்த் தோழர்களுக்கான கல்விக் குறிப்புகளை மலையாள மூலத்துடன் ஒப்பிட்டுச் சரிபார்க்கும் பணிக்காக அங்கே சென்றிருந்தேன். தங்கியது ஒரு மலையாளித் தோழரின் இல்லத்தில். அவருடைய மகள் கழக்கூட்டத்திலுள்ள டெக்னோபார்க்கில் பணிபுரிகிறார். பிளாக் சப்பாத் குழுவின் பாடகர் ஓஸி ஆஸ்போர்ன் ஜூலை 22 அன்று இறந்திருந்தார். அவருடைய நினைவாக நகரத்து இளைஞர்கள் சிலர் அக்குழுவின் பாடல்களையும் தங்களுடைய பாடல்களையும் இசைக்கவிருப்பதாகவும், தான் செல்லவிருப்பதாகவும் இரவுணவின்போது அந்தப் பெண் சொன்னார். “சகாவும் வரணும்” என்றார் விளையாட்டாக. தந்தை சிரித்தார். எனக்கு அந்தக் கருப்புப் பனியன் நினைவுக்கு வந்தது. வருகிறேன் என்றேன். தந்தை சிரிப்பை நிறுத்திவிட்டார்.

கேரளத்தில் இவ்வகை இசைக்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டு வரலாறு உண்டு என்பதை ஆட்டோவில் செல்லும்போதுதான் அறிந்துகொண்டேன். கொச்சியில் 1970களின் பிற்பகுதியில் உருவான ‘13 ஏடி’ என்னும் ராக் குழுவிலிருந்து கதை தொடங்குகிறது. அதே நகரின் ‘மதர்ஜேன்’ குழு 2008இல் வெளியிட்ட ‘மக்தூப்’ தொகுப்பில் மின்கிதார் கர்நாடக இசையின் கமகங்களைப் பேசியது. திருவனந்தபுரத்துக்கென்று ‘கேயாஸ்’ என்ற குழு உண்டு. 2013இலும் 2017இலும் தொகுப்புகள் வெளியிட்டிருக்கிறார்கள். என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது கண்ணூர்க் குழுவின் பெயர்: ‘தி டவுன் ட்ராடன்ஸ்’. ஒடுக்கப்பட்டோர் என்பதற்குரிய ஆங்கிலச் சொல்லை ஒடித்து வளைத்து வைத்த பெயர். கண்ணூரிலிருந்து வேறென்ன வரும்! அவர்களுடைய ‘சிவா’ என்ற பாடல் பொட்டன் தெய்யத்திலிருந்து பிறந்தது. சங்கராச்சாரியாரைத் தீண்டப்படாதவர் வடிவில் வழிமறித்து, விலகு என்கிறாயே, எதை விலகச் சொல்கிறாய் என்று வாதிட்டு மடக்கும் தெய்வம் அது. வட கேரளத்தின் சாதி எதிர்ப்பு நினைவுகளில் ஆழமான ஒன்று. அதை மின்கிதாரில் ஏற்றியிருக்கிறார்கள். இன்று மலையாளத் திரையிசையில் புகழ்பெற்ற சுஷின் ஷியாம் அந்தக் குழுவில் கீபோர்டு வாசித்தவர் என்றும் அந்தப் பெண் சொன்னார். இருபத்தேழு ஆண்டுகளுக்கு முன் ‘ஏற்றுமதிச் சரக்கு’ என்று நான் ஒற்றைச் சொல்லில் முடித்துவிட்ட பொருள் இது.

கூடத்தின் வாசலில் நின்றவர் அனைவரும் கருஞ்சட்டையினர். தமிழ்நாட்டுக்காரனுக்கு இப்படியொரு கூட்டத்தைக் கண்டால் பெரியார் நினைவு வராமல் போகாது. திராவிடர் கழக மாநாடா என்று கேட்கத் தோன்றிற்று. கேட்டேன். அவருக்குப் புரியவில்லை, விளக்க நேரமுமில்லை. நுழைவுக் கட்டணம் முந்நூறு ரூபாய். மணிக்கட்டில் ஒரு முத்திரை குத்தினார்கள். தேர்தலில் மை வைப்பது போல.

மேடை தரையிலிருந்து ஒன்றரை அடிகூட இராது. நான் படித்த சிலப்பதிகார அரங்கேற்று காதையின் அரங்கு நினைவுக்கு வந்தது: ஏழு கோல் அகலம், எட்டு கோல் நீளம், ஒரு கோல் உயரம், கோல் என்பது இருபத்து நான்கு விரல். தூணின் நிழல் ஆடுபவர் மேலோ காண்பவர் மேலோ விழாதபடி விளக்கு வைக்க வேண்டும் என்பதுவரை அங்கே இலக்கணம் உண்டு. இங்கே இரண்டு தூண்களின் நிழலும் பாடகர் மேலேயே விழுந்தது. யாரும் பொருட்படுத்தவில்லை. சுவரோரமாக, ஆம்ப்ளிஃபயர்களிலிருந்து முடிந்த தூரத்தில், எனக்கொரு நாற்காலி கிடைத்தது. அந்தக் கூடத்தில் அமர்ந்திருந்தவன் நான் ஒருவனே.

முதல் பாடல் தொடங்கியது. அதைக் கேட்டேன் என்று சொல்வது பிழை. அது என் விலா எலும்புகளுக்குள் இறங்கிற்று. டிரம்ஸ் வாசித்தவர் இரு கால்களாலும் மாறி மாறி மிதித்து எழுப்பிய இடையறாத தாளம் தரை வழியாக நாற்காலிக் கால்களில் ஏறி வந்தது. சில நிமிடங்கள் எனக்கு எதுவும் பிடிபடவில்லை. எழுந்து போய்விடலாம் என்றே எண்ணினேன். பிறகு, எதிர்பாராமல், அந்த ஓசையை எனக்கு முன்பே தெரியும் என்று தோன்றியது.

என் தந்தை கோவையில் ஒரு பஞ்சாலைத் தொழிலாளி. தறிகள் ஓடும் கூடத்தில் முப்பத்தொரு ஆண்டுகள் வேலை செய்தவர். பள்ளி நாள்களில் அவருக்குச் சோற்றுத்தூக்கு கொண்டு செல்வேன். வாயிற்கதவுக்கு வெளியே நிற்கும்போதே அந்த ஓசை உள்ளங்காலில் தெரியும். உள்ளே பேச்சு கேட்காது. தொழிலாளர்கள் உதட்டசைவையும் கைச்சாடையையும் கொண்டே பேசிக்கொள்வார்கள். வீட்டிலும் அப்பா உரக்கத்தான் பேசுவார். அவர் கோபக்காரர் என்று தெருவில் பெயர். அவருக்குக் காது கேட்கவில்லை என்பதை நாங்கள் புரிந்துகொண்டபோது நான் கல்லூரியில் இருந்தேன். காதடைப்பான் என்ற ஒன்று இருப்பதே அந்த ஆலையில் யாருக்கும் சொல்லப்படவில்லை. திருவனந்தபுரத்து மாடிக்கூடத்தில் ஒருவர்க்கொருவர் காதருகே வாய் வைத்துக் கத்தியும், கைகளை உயர்த்திச் சாடை காட்டியும் பேசிக்கொண்ட இளைஞர்களைப் பார்த்தபோது அப்பாவும் அவர் தோழர்களும் என் கண்முன் வந்தனர்.

இது என் மனத்தின் தற்செயலான இணைப்பென்றே அன்றிரவு கருதினேன். பிறகு படித்தறிந்தபோது, அந்த இணைப்பு வரலாற்றிலேயே இருப்பது தெரிந்தது. ஹெவி மெட்டல் பிறந்த ஊர் இங்கிலாந்தின் பர்மிங்ஹாம். உலைகளும் உலோகப் பட்டறைகளும் மோட்டார் ஆலைகளும் நிறைந்த நகரம். பிளாக் சப்பாத் குழுவின் நால்வரும் அந்நகரின் ஆஸ்டன் வட்டாரத்துத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள். ஓஸியின் தந்தை இரவு ஷிப்டில் கருவி செய்யும் தொழிலாளி. தாய் மோட்டார் உதிரிபாக ஆலையில் வேலை செய்தவர். ஓஸி ஆட்டிறைச்சி, மாட்டிறைச்சிக் கூடத்திலும் பணியாற்றியிருக்கிறார். கிதார் கலைஞர் டோனி அயோமியின் கதை தொழிற்சங்கத் தோழர்கள் அனைவரும் அறிய வேண்டியது. 1965இல் பதினேழு வயதில் தகட்டு உலோக ஆலை ஒன்றில் அவருக்கு அது கடைசி வேலை நாள். வராத இன்னொரு தொழிலாளியின் எந்திரத்தில் அவரை நிறுத்தினார்கள். அந்த எந்திரம் அவருடைய வலக்கையின் நடுவிரல், மோதிர விரல் இரண்டின் நுனிகளையும் கொண்டு சென்றது. இடக்கைப் பழக்கமுள்ளவர் என்பதால் தந்திகளை அழுத்தும் கை அதுதான். பவர் பிரஸ்ஸில் விரலிழந்தவர்களை அம்பத்தூரிலும் ஓசூரிலும் கண்ட தோழர்களுக்கு இதன் மேல் விளக்கம் தேவையில்லை.

அயோமி பிளாஸ்டிக் புட்டியை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்தார். தோலை ஒட்டிப் பொருத்தினார். தடித்த தந்திகளை அந்த விரல்களால் அழுத்த இயலாததால் மெல்லிய தந்திகளைப் போட்டார்; பின்னர் தந்திகளின் முறுக்கைத் தளர்த்தி சுருதியையே இறக்கினார். 1971இல் வந்த மூன்றாம் தொகுப்பிலிருந்து அந்தத் தாழ்ந்த, கனத்த ஒலி அக்குழுவின் அடையாளமாயிற்று. உலகெங்கும் இவ்விசையின் அடையாளமுமாயிற்று. ஒரு தொழிற்சாலை விபத்து இசை வகையொன்றின் சுருதியைத் தீர்மானித்திருக்கிறது. அக்குழுவினர் தொடக்கத்தில் வாசித்ததும் பர்மிங்ஹாமில் ஒரு மதுவிடுதியின் மாடி அறையில்தான். முதல் தொகுப்பு 1970 பிப்ரவரி 13 அன்று வெளிவந்தது. பத்தாண்டு கழித்து, 1980 தொடக்கத்தில் பிரிட்டனின் எஃகுத் தொழிலாளர்கள் மூன்று மாதம் வேலைநிறுத்தம் செய்தனர். அது முடிந்த அதே ஏப்ரலில், அதே வட்டாரத்து ஜூடாஸ் ப்ரீஸ்ட் குழு தன் தொகுப்புக்கு ‘பிரிட்டிஷ் ஸ்டீல்’ என்றே பெயரிட்டது. தாட்சர் ஆட்சியில் ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. எந்திரங்கள் நின்ற பிறகும் அவற்றின் ஓசையை அந்தப் பிள்ளைகள் வாசித்துக்கொண்டிருந்தார்கள்.

அன்று திருவனந்தபுரத்தில் நான்காவதாகவோ ஐந்தாவதாகவோ அவர்கள் எடுத்துக்கொண்டது 1970இல் வந்த ‘வார் பிக்ஸ்’. பெயரைத் தமிழாக்கினால் ‘போர்ப் பன்றிகள்’. வியட்நாம் போர் உச்சத்திலிருந்த காலத்துப் பாடல். போரைத் திட்டமிடும் தளபதிகளையும், போரைத் தொடங்கிவைத்துவிட்டு ஒளிந்துகொள்ளும் அரசியல்வாதிகளையும், சதுரங்கக் காய்களாய் நகர்த்தப்படும் ஏழைகளையும் பேசுகிறது. கூடத்தில் இருந்த இருநூறு பேரும் அதை வரி தவறாமல் பாடினார்கள். காசாவின் படங்கள் நாள்தோறும் கைப்பேசியில் வந்துகொண்டிருந்த மாதம் அது. பாடல் முடிந்ததும் மேடையிலிருந்தவர் ஏதும் உரையாற்றவில்லை, தண்ணீர் குடித்தார். நம் கூட்டங்களில் இது நடக்காது. ஒருவர் எழுந்து நாற்பது நிமிடம் விளக்கியிருப்போம்.

மொழிபெயர்ப்பாளன் என்ற முறையில் அந்தப் பாடலின் முடிவில் எனக்கு மறுப்பு உண்டு. இறுதியில் கடவுள் அழைக்கிறார், போர்ப் பன்றிகள் மண்டியிடுகின்றன, சாத்தான் சிரிக்கிறான். தீர்ப்பு நாள் வருகிறது. தீர்ப்புச் சொல்லும் இடத்தில் மக்கள் இல்லை. பாடல் தொடக்கத்தில் எவ்வளவு தெளிவாக வர்க்கங்களைப் பிரித்துக் காட்டுகிறதோ, முடிவில் அவ்வளவு தூரம் வானத்தைப் பார்க்கிறது. ஆலைத் தொழிலாளியின் மகன் தன் கோபத்தை எங்கே கொண்டுசெல்வது என்று தெரியாமல் விவிலியத்திடம் கொடுத்திருக்கிறான். அந்தக் கோபத்தை மூலதனம் கைப்பற்றிக்கொண்டதும் இந்த இடைவெளி வழியாகத்தான். 2002இல் எம்டிவி அதே ஓஸியின் குடும்பத்தையே வீட்டுக்குள் காமிரா வைத்துத் தொடராக்கி விற்றது. சாத்தான் படத்தைச் சட்டையில் அச்சிட்டு விற்பவர்களுக்குக் கடவுளிடமோ சாத்தானிடமோ பகையில்லை.

இதைவிட மோசமானவையும் உண்டு. 1992இல் நார்வேயில் இவ்விசையின் ஒரு பிரிவினர் பழமையான மரத் தேவாலயங்களை எரித்தனர். அவர்களுள் சிலர் வெளிப்படையான இனவெறியர்களாயினர். நாஜிச் சின்னங்களோடு இயங்கும் குழுக்கள் ஐரோப்பாவில் இன்றும் உள்ளன. மெட்டல் என்றாலே எதிர்ப்பிசை என்று எழுதுவது, மெட்டல் என்றாலே சீரழிவு என்று நான் அன்று எழுதியதற்குச் சமமான சோம்பல். அந்தக் கூடத்திலும் பெண்கள் இருபது பேர் இருந்திருப்பார்கள். மேடையில் ஒருவரும் இல்லை. இடைவேளையில் இதை அந்தப் பெண்ணிடம் குறையாகச் சொன்னேன். “உங்கள் ஊரில் பொதுக்கூட்ட மேடையில் எத்தனை பேர், சகாவே?” என்றார். குறிப்பேட்டை மூடி வைத்தேன்.

கூடத்தின் நடுவில் ஒரு வட்டம் உண்டாகி, இளைஞர்கள் ஒருவரையொருவர் தோளால் மோதிக்கொண்டு சுழன்றதைச் சொல்ல வேண்டும். முதலில் அடிதடி என்றே நினைத்தேன். ஒருவர் வழுக்கி விழுந்தார். அந்தக் கணமே நான்கைந்து பேர் கைகளை விரித்துக் கூட்டத்தைத் தடுத்தனர். மூவர் தூக்கி நிறுத்தினர். தரையில் கிடந்த கண்ணாடியை எடுத்து ஒருவர் துடைத்துக் கொடுத்தார். மீண்டும் மோதல். விழுந்தவரைத் தூக்குவது அங்கே எழுதப்படாத சட்டமாம். இதைத் தோழமை என்று எழுதக் கை துடித்தது, நிறுத்திக்கொண்டேன். அவர்களில் பலர் தகவல் தொழில்நுட்ப ஊழியர்கள். 2025 ஜூலை இறுதியில் டிசிஎஸ் நிறுவனம் ஏறத்தாழ 12,000 பேரை வெளியேற்றப்போவதாக அறிவித்த செய்தியைப் பற்றி வாசலில் பேசிக்கொண்டிருந்தார்கள். இரவில் விழுந்தவரைத் தூக்குபவர், திங்கட்கிழமை பக்கத்து இருக்கைக்காரர் வேலை போய் வெளியேறும்போது என்ன செய்வார்? அந்தக் கேள்வியை அந்த இசையிடம் கேட்பதில் பொருளில்லை. அது நம்மிடம் கேட்கப்பட வேண்டியது. 1990இலிருந்து இயங்கும் டெக்னோபார்க்கில் ஊழியர்களின் நல அமைப்பொன்று ‘பிரதித்வனி’ என்ற பெயரில் செயல்படுகிறது. எதிரொலி என்று பொருள். பெயர் வைத்தவர்களுக்குக் காது உண்டு.

இனி அந்த ‘இரைச்சல்’ என்ற சொல்லுக்கு வருகிறேன். ஓசையைப் பற்றித் தொல்காப்பிய உரியியல் காட்டும் நுணுக்கத்தை நான் தேர்வுக்காக மனனம் செய்தவன், எழுதும்போது மறந்தவன். துவைத்தல், சிலைத்தல், இயம்பல், இரங்கல் ஆகியவற்றை அது இசைப்பொருள் தரும் சொற்களாக வைக்கிறது. சிலைத்தல் புலியும் காளையும் எழுப்பும் முழக்கத்துக்கு ஆளப்படும் சொல். அன்று மேடையில் பாடகர் தொண்டையிலிருந்து எழுப்பிய உறுமலுக்கு இதைவிடப் பொருத்தமான தமிழ் கிடைக்காது. கம்பலை, சும்மை, கலி, அழுங்கல் ஆகிய நான்கும் அரவம், அதாவது ஆரவாரம். அவற்றுள் அழுங்கலுக்கு இரக்கம், கேடு என்ற பொருள்களும் உண்டென்று நூற்பா உடனே சேர்க்கிறது. ஆரவாரத்துக்குள் அழுகையும் அழிவும் இருக்கலாம் என்று அறிந்த மொழியில் எழுதும் நான், எல்லாவற்றையும் ஒரு சொல்லால் மூடினேன்.

ஒலியில் எது இசை, எது இரைச்சல் என்பதை யார் தீர்மானிக்கிறார்கள் என்ற கேள்வி நமக்குப் புதிதன்று. திருச்சூர்ப் பூரத்தில் இருநூறுக்கும் மேற்பட்டோர் செண்டையும் கொம்பும் முழக்கும் இலஞ்சித்தற மேளத்தை இரைச்சல் என்று எவரும் சொல்வதில்லை. சொல்லவும் கூடாது, அது மாபெரும் கலை. ஆனால் நம் ஊர்களில் பறை எத்தனை தலைமுறைகளாகச் சாவு வீட்டுச் சத்தம் என்று ஒதுக்கப்பட்டது! கட்டாய ஊழியமாகப் பறையடிக்க மாட்டோம் என்று மறுத்துப் போராடியவர்களும், அதே பறையைத் தலைநிமிர்ந்து மேடையேற்றியவர்களும் சேர்ந்தே அந்தத் தீர்ப்பை உடைத்தார்கள். கலை இரவுகளில் பறை முழங்கும்போது எழுந்து ஆடும் நாம், வேறொரு வர்க்கத்துப் பிள்ளைகளின் முழக்கத்தைக் கேட்டதும் சபாக்காரரின் காதை இரவல் வாங்கிக்கொள்கிறோம்.

இதில் நம் இயக்கத்துக்கு உலகளாவிய அனுபவமே உண்டு. 1948 பிப்ரவரி 10 அன்று சோவியத் கட்சியின் மத்தியக் குழு, முரதேலியின் ‘பெரும் நட்பு’ என்ற இசை நாடகத்தை முன்னிட்டு, ஷாஸ்டகோவிச், புரோக்கோஃபியெவ் உள்ளிட்ட இசையமைப்பாளர்களை வடிவவாதிகள் என்று கண்டித்துத் தீர்மானம் நிறைவேற்றியது. அவர்களுடைய படைப்புகள் பல மேடையிலிருந்து நீக்கப்பட்டன. ஷாஸ்டகோவிச் கற்பிக்கும் பணியை இழந்தார். பத்தாண்டு கழித்து, 1958 மே 28 அன்று, அந்த மதிப்பீடுகள் நியாயமற்றவை என்று கட்சியே திருத்தித் தீர்மானித்தது. திருத்தம் வந்தபோது புரோக்கோஃபியெவ் இறந்து ஐந்தாண்டுகள் ஆகியிருந்தன. என்னுடைய வகுப்புக் குறிப்பை இந்தத் தீர்மானத்தோடு ஒப்பிடும் தகுதி எனக்கில்லை. ஆனால் திருத்தம் தாமதமானால் யாருக்குச் சேர வேண்டுமோ அவருக்குச் சேராது என்பது இரண்டுக்கும் பொது.

நமக்குள்ளேயே மாற்று வழி காட்டியவர்களும் உண்டு. எம்.பி. சீனிவாசன் கம்யூனிஸ்ட், திரைப்பட இசைக்கலைஞர்களைத் தொழிற்சங்கமாகத் திரட்டியவர், 1960இல் ‘பாதை தெரியுது பார்’ படத்துக்கும் 1981இல் அடூர் கோபாலகிருஷ்ணனின் ‘எலிப்பத்தாயம்’ படத்துக்கும் இசையமைத்தவர். மேலை நாட்டுத் தேவாலயங்களில் வளர்ந்த சேர்ந்திசை வடிவத்தை எடுத்து, அதில் பாரதியை ஏற்றி, 1970களின் தொடக்கத்தில் சென்னை இளைஞர் சேர்ந்திசைக் குழுவை உருவாக்கினார். வடிவம் எங்கிருந்து வந்தது என்று அவர் அஞ்சவில்லை. கேரளத்தில் 1952இல் கேபிஏசி மேடையேற்றிய ‘நீங்கள் என்னைக் கம்யூனிஸ்டாக்கினீர்கள்’ நாடகத்தை மக்களிடம் கொண்டுசென்றதில் அதன் பாடல்களுக்குப் பெரும் பங்குண்டு. அன்றைய இளைஞர்கள் விரும்பிப் பாடிய இசையாக அது இருந்தது. இன்றைய இருபது வயதுக்காரர் எதைப் பாடுகிறார் என்பதை அறிய நாம் எத்தனை மாடிப்படி ஏறியிருக்கிறோம்?

நிகழ்ச்சி முடிந்து கருவிகளைக் கட்டிக்கொண்டிருந்தபோது டிரம்ஸ் வாசித்தவரிடம் பேசினேன். பகலில் இருசக்கர வாகனப் பட்டறையில் வேலை. பாடல் வரிகள் எனக்குப் பிடிபடவில்லை என்றேன். “எங்களுக்கும் மேடையில் கேட்காது” என்றார். அவர்களுடைய முதன்மையான சிக்கல் என்ன என்று கேட்டேன். அரசியல் விடையொன்றை எதிர்பார்த்தேன் போலும். “பயிற்சி எடுக்க இடமில்லை” என்றார். வீட்டில் வாசித்தால் அண்டை வீட்டார் காவல்துறையை அழைக்கிறார்கள். வாடகை ஸ்டூடியோவுக்கு மணிக்கணக்கில் பணம். அன்றைய வசூலில் கூடத்தின் பங்கும் ஒலி வாடகையும் போக, அவர் கைக்கு வந்தது பெட்ரோல் செலவு.

மாவட்டங்களில் நம் கட்டடங்களின் மாடிக்கூடங்கள் மாதத்தில் இருபது நாள் பூட்டிக் கிடக்கின்றன. வாரத்தில் இரண்டு மாலை அவற்றை இத்தகைய குழுக்களுக்குத் திறந்துவிடலாம். நம் முழக்கங்களைப் பாடும்படி நிபந்தனை வைக்க வேண்டியதில்லை; வைத்தால் வர மாட்டார்கள். கலை இரவில் ஒரு மணி நேரம் அவர்களுக்கு ஒதுக்கலாம். அதிகாலை மூன்று மணிக்கு, பார்வையாளர் கலைந்த பின்னர் அல்லாமல், எட்டு மணிக்கே. கூடுதல் மின்னிணைப்பு வேண்டும், அண்டை வீட்டாரிடம் முன்கூட்டிப் பேச வேண்டும், பத்து மணிக்கு நிறுத்த வேண்டும். இவை தீர்க்கக்கூடிய சிக்கல்கள். என் மாவட்டத்தில் இதை எழுத்து மூலம் முன்வைத்திருக்கிறேன். ஒரு மூத்த தோழர், “சுவரில் விரிசல் விழும்” என்று குறிப்பெழுதியிருக்கிறார். கட்டடத்தின் வயதை எண்ணினால் அதுவும் ஆராய வேண்டியதே. மாற்றுக் கருத்துள்ள தோழர்கள் இவ்விதழில் எழுதட்டும். ஒரு நிகழ்ச்சியைக் கேட்டுவிட்டு எழுதட்டும்.

அந்த ஐடிஐ தோழரைத் தேடினேன். முகாமின் வருகைப் பதிவேடு கிடைக்கவில்லை. பெயரும் எனக்கு நினைவில்லை, பனியன்தான் நினைவிருக்கிறது. இந்தப் பக்கம் எப்படியேனும் அவர் கண்ணில் பட்டால், அவருடைய கேள்விக்கு விடை: அன்று கேட்டிருக்கவில்லை. இப்போது கேட்டேன். பாதி பிடித்தது.

செல்லவிருக்கும் தோழர்களுக்கு ஒரு செய்தி. தொழிற்சாலையில் எட்டு மணி நேர வேலைக்கு 90 டெசிபல் என்பது நம் நாட்டு வரம்பு. இசை அரங்குகளில் சராசரி 100 டெசிபலைத் தாண்டக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2022இல் வகுத்துள்ளது. அந்த மாடிக்கூடத்தில் அளப்பதற்கு யாரும் கருவி வைத்திருக்கவில்லை. எனக்கு இரண்டு நாள் காது இரைந்தது. அந்தப் பெண் தன் பையிலிருந்து எடுத்துக் கொடுத்த மஞ்சள் நிறக் காதடைப்பான்களை, எதற்கென்று தெரியாமல், சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன். மருந்துக் கடையில் கிடைக்கும். ஒரு சோடி வாங்கிச் செல்லுங்கள்.